பகலில் மூடும் கண்கள்

பகலில் கண்ணை மூடக்கூடாது. மனைவி தவமலர் அதைச் சொல்லியிருக்கிறாள், ஒரு தரமல்ல, பல தரம் சொல்லியிருக்கிறாள், அருளம்பலம் ரீவியில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று, "இஞ்சேருங்கோ, இவர் இரவில கண்ணை மூடினால் நித்திரை, பகலில மூடினால் வருத்தம், மனசில வச்சிருங்கோ" என்று சொல்லியிருக்கிறாள், அவரும் ஓம் ஓம் என்றிருக்கிறார். இவர் என்று அவள் சொன்னது கூட்டுக்குள் இருந்த பச்சோந்தியை. இப்போது வெளியே வெயில். பால்கனியில் குவிந்திருந்த பனி அந்த வெயிலை வாங்கி அறைக்குள் எறிந்துகொண்டிருந்தது. ஸ்காபரோவில் மாசி மாத வெயில் சூடு தருவதற்கல்ல, கண்ணைக் கூசவைப்பதற்கு. அப்படிப்பட்ட வெளிச்சத்தில், தலைக்கு மேல் சூட்டு லைற்றும் எரிய, அது கண்ணை மூடிக்கொண்டு கொப்பைப் பிடித்தபடி இருந்தது. மூடுவது என்றால் மனிதர் மூடுவதுபோல அல்ல. கூம்பு மாதிரியான தோல், அதன் நுனியில் கடுகளவு ஓட்டை, அந்த ஓட்டை சுருங்கிப்போய் ஒரு கோடாகக் கிடந்தது. அருளம்பலம் கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டார். கால் கிறீச்சிட்டது. ஒரு கண் திறந்தது, அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் எங்கோ பார்த்தது, உடனே மூடிக்கொண்டது. உயிர் இருக்கிறது. இவ்வளவையும்தான் காலையிலிருந்து அவர் கண்டுபிடித்திருந்தார். மாப்பிள்ளை என்று அதற்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். மேல்மாடியில் இருந்த நேர்ஸ் வன்கூவருக்கு வேலை மாறிப் போகும்போது கூட்டோடு அதைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். "ஊரில கல்லால எறிஞ்சு கலைச்ச சாமானை இஞ்ச லைற் போட்டு வளக்கப்போறியோ" என்று அவர் கேட்டார். "ஒரு வேலையும் செய்யமாட்டார், உசரத்தில ஏறி இருந்துகொண்டு சாப்பாடு வரும் எண்டு பாத்துக்கொண்டிருப்பார், தொட்டால் கோவம் வரும், சரியா மாப்பிள்ளைதான்" என்றாள் அவள். கல்கரியில் இருந்த மருமகன் போனில் இதைக் கேட்டுவிட்டு, "மாமி, அவருக்கு சீதனம் என்ன குடுத்தனீங்கள்" என்று கேட்க, அவள் சிரித்த சிரிப்பில் போன் நழுவி விழுந்தது. அந்தச் சிரிப்பு எப்படி முடிந்தது என்று இப்போது நினைத்துப் பார்த்தார். இருமலில் முடிந்தது. அப்போதே இருமல் இருந்திருக்கிறது. அதுகூட இப்போதுதான் தெரிகிறது, எதுவும் அந்தந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்ததில்லை.

சூட்டு லைற் எரிகிறது. புறஊதாக்கதிர் லைற் எரிகிறது, அது பழசாகியிருக்கும் என்று போன கிழமை புதிது வாங்கிப் போட்டாகிவிட்டது. பழைய பல்ப்பும் எரியும் ஆனால் அதிலிருந்து கதிர் வராது, கதிர் இல்லாவிட்டால் எலும்பு நெகிழ்ந்துவிடும் என்று பூச்சி விற்கும் கடைக்காரன் சொன்னான். எரிகிற ஒன்று உள்ளே செத்துப்போயிருக்கலாம் என்பது அவருக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது, அதை எப்படி ஒரு மனிதன் பார்த்து அறிவது. ஈரப்பதம் காட்டும் வட்ட முள் சரியான இடத்தில் நிற்கிறது. தண்ணீர் விசிறும் போத்தலால் காலையும் பின்னேரமும் இலைகளை நனைக்கிறார். அது கோப்பையில் வைத்தால் குடிக்காது, இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கும், அது அவருக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் ஒரு நாள் அவள், "இஞ்ச ஒருக்கா வந்து பாருங்கோ, எவ்வளவு வடிவா குடிக்குது" என்று கூப்பிட்டபோது அவர் எழுந்து போய்ப் பார்த்திருந்தார். அப்படிப் போய்ப் பார்த்தது எல்லாம் தெரிந்திருக்கிறது, போகாதது தெரியவில்லை. தீனியாகச் சில்லூறுப் பூச்சிகளைப் போடுமுன் அவள் அவற்றை ஒரு வெள்ளைத் தூளில் பிரட்டுவாள். அலுமாரியில் இரண்டு வெள்ளைத் தூள் போத்தல் இருந்தன. ஒன்று ஒவ்வொரு நாளும், மற்றது எப்போதாவது. எது எது. அவர் இரண்டையும் திறந்து மணந்து பார்த்தார், இரண்டும் சுவருக்குப் பூசும் சுண்ணாம்பு மாதிரி மணத்தன. பிராணி டொக்டரின் கந்தோருக்குப் போன் எடுத்தபோது அங்கே வேலை செய்யும் பெண்பிள்ளை நல்ல மரியாதையாகத்தான் கதைத்தாள், ஆனால் கேள்வி கேட்டுக்கொண்டே போனாள். மேல்கொப்பில் சூடு எத்தனை பாகை, எந்தத் தூள் எத்தனை நாளுக்கு ஒருக்கா, பூச்சிகளுக்கு என்ன தீனி போடுகிறீர்கள், கடைசியாக மலம் எப்போது, அது என்ன நிறம், வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா. ஐ டோன்ட் நோ, என்றார். ஐ டோன்ட் நோ, மிஸ். கூட்டிலோ அறையிலோ அண்மையில் ஏதாவது மாற்றினீர்களா என்றாள். அது ஒன்றுக்குத்தான் அவரிடம் உறுதியான பதில் இருந்தது. நோ சேஞ்ச், என்றார், எல்லாம் அப்படியே இருக்கிறது, மை வைஃப் பாஸ்ட் அவே, மற்றபடி நோ சேஞ்ச்.  பிறகு, வியாழக்கிழமை கொண்டுவரலாம், ஆனால் இந்தக் குளிரில் வெளியே எடுப்பது அதற்கு ஆபத்து, முடிந்தவரை தொந்தரவு செய்யாமல் வைத்திருங்கள் என்றாள். முடிந்தவரை. தவமலரைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியிலும் இதே கேள்விகள்தான். அவசரப் பிரிவில் வெள்ளைக்கோட்டுப் பிள்ளை ஒருத்தி, என்ன மருந்து எடுக்கிறவ, கால் வீக்கம் எப்போதிருந்து, இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறவ என்று அவரைத்தான் கேட்டாள். ஒரே கட்டிலில் படுக்கிறவருக்கு எத்தனை தலையணை என்று தெரியவில்லை. தவமலர் மூச்சுக் குழாய் மாட்டிய முகத்தோடு விரலை உயர்த்தி மூன்று என்று காட்டினாள். காட்டிவிட்டு அவரைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள், பரவாயில்லை என்கிறமாதிரி. அவள் அவளுக்கான பதிலைத் தானே சொன்னாள். இது என்னத்தைச் சொல்லும். நான்கு கையாலும் கொப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கறுத்த இலைபோல இருக்கிறது. கறுத்திருக்கிறது, அதுதான் இரண்டாவது விஷயம். அவள் இருந்தபோது இது பச்சை, வயிற்றில் மஞ்சள் கோடு, வெயில் வரும்போது நீலம்கூட ஓடும். இப்போது தணல் ஆறிய கரி.

முதலில் சாப்பாடு குறைந்தது. அது கார்த்திகையில். அதற்கு முன் ஐப்பசி முழுக்க வீடு நிறையச் சனம், செத்த வீட்டுக்கு வந்தவர்கள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரைக்கும் கதவு பூட்டப்படவில்லை. பச்சோந்தியைக் கண்டு பெண்கள் பயந்தார்கள், சிலர் செத்த வீட்டில் இதென்ன கோதாரி என்றார்கள், ஆக மொத்தம் கூட்டை இரண்டு பேர் தூக்கிக்கொண்டுபோய் உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அங்கே அது சாப்பிட்டது. அவர் பூச்சியைக் கொட்டிவிட்டு வருவார், திரும்பிப் போனால் ஒன்றும் இராது, நாக்கு பாய்கிற அந்த 'டக்' சத்தம்கூட ஒரு நாள் கேட்டது. ஏன் அங்கே சாப்பிட்டது, இங்கே சாப்பிடவில்லை. இந்த இடத்தில் அவருடைய நினைப்பு ஒவ்வொரு முறையும் வந்து முட்டி நின்றது. அங்கே இருட்டு, இங்கே வெளிச்சம். அங்கே மெஷின் சத்தம், இங்கே அமைதி. எப்படிப் பார்த்தாலும் இதுதான் நல்ல இடம், அவள் வைத்திருந்த அதே பால்கனி யன்னலோரம், அதனால்தான் சனம் போனதும் கீழ்வீட்டுக்காரனைப் பிடித்துத் திரும்பவும் தூக்கிவந்து வைத்தார். அன்றைக்குத்தான் மச்சாள் வந்து தவமலரின் படத்தை மாட்டிவித்ததும். செல்வராணி, தவமலரின் தங்கச்சி, மார்க்கம் பக்கம் இருக்கிறாள், எதையும் முறையாகச் செய்யவேண்டும் அவளுக்கு. "தெற்குச் சுவரிலதான் அத்தான் மாட்டவேணும், வேற சுவர் சரிவராது" என்றாள். தெற்குச் சுவர் கூட்டுக்கு நேர் எதிர், அறையும் ஒடுக்கம், கை நீட்டினால் இரண்டையும் தொடலாம். பெரிய படம், கண்ணாடி போட்டது, மகள் சுகிர்தாவின் கலியாணத்தன்று எடுத்தது, கரும்பச்சைச் சேலை. கீழே ஒரு சின்ன மின்விளக்கு, நெருப்பு விளக்கு வைத்தால் கட்டிடம் முழுக்க அலாரம் அடித்துவிடும் என்பதால். ஒரு வருஷம் முடிந்து வரும் ஆட்டைத் திவசம் வரைக்கும் அணையக்கூடாது என்று மச்சாளின் கட்டளை. மச்சாள் போனபிறகு அவர் ஒரு காரியம் செய்தார். கூட்டின் சக்கரத்தை உருட்டி, அது படத்துக்கு நேராக வரும்படி திருப்பி வைத்தார். பாத்துக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தார். வாயால் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் நினைத்தார், அவளை ஒவ்வொரு நாளும் பார்த்த கண் அது, அவளைத் தேடும், பாத்துக்கொண்டிருக்கட்டும்.

போன் அடித்தது. சுகிர்தா, வேலையிடத்திலிருந்து. "சாப்பிட்டீங்களோ அப்பா?" "ஓம்." "என்ன சாப்பிட்டனீங்கள்?" "பாண்." "வெறும் பாணோ?" "சம்பல் இருந்தது." "எங்கத்தையான் சம்பல், நீங்கள் செய்தனீங்களோ?" அவர் கூட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மாப்பிள்ளை எப்பிடி?" என்றாள் மகள், குரலைக் கொஞ்சம் மெதுவாக்கி. "கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்." "அப்பா, நான் ஒண்டு சொன்னால் கோவிக்கக்கூடாது. அதை ஆருக்கும் குடுப்பம். அதை வளக்கத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்." "ஓம், பாப்பம்." "பாப்பம் எண்டு சொல்லுறீங்கள், பேந்து ஒண்டும் செய்யமாட்டீங்கள்." "ஓம்." "அம்மாவின்ர சாமான் எண்டு யோசிக்காதேங்கோ அப்பா. அது செத்தால் நீங்கள் தனிய இருந்து..."  பின்னால் யாரோ அவளை இங்கிலிசில் கூப்பிட்டார்கள். "பேந்து எடுக்கிறன்" என்றாள். போனை மடியில் வைத்துக்கொண்டு, அது செத்தால் என்பதற்குப் பிறகு வரவேண்டிய சொற்களை அவரே ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். அது செத்தால் இந்த இரண்டு லைற்றையும் நிறுத்தலாம். அது செத்தால் பூச்சிக் கடைக்குப் போக பஸ் ஏறவேண்டியதில்லை. அது செத்தால் அவள் தொட்டு வளர்த்த ஒன்றும் இந்த வீட்டில் மூச்சு விடாது, அவரைத் தவிர. அவரையும் அவள்தான் வளர்த்தாள் என்று வைத்துக்கொண்டால்.

மத்தியானம் போய்விட்டது. வெயில் சரிந்து படத்துப் பக்கம் ஏறியது. ஒரு சில்லூறை இடுக்கிச் சாவணத்தால் பிடித்து, ஏதோ ஒரு போத்தல் தூளில் பிரட்டி, கூட்டின் கதவைத் திறந்து, அதன் வாய்க்கு முன்னால் நீட்டினார். தொந்தரவு செய்யாமல் என்றாளே. ஆனால் சாப்பிடாமல் எத்தனை நாள். தவமலருக்கும் இப்படித்தான் கரண்டியில் கஞ்சியை நீட்டிக்கொண்டு நின்றார், அவள் வாயைத் திறக்கவில்லை, அவருக்காகக் கொஞ்சம் உதட்டை நனைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.  கை ஆடினால் அது பயந்துவிடும் என்று மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்தார். பச்சோந்தி உடலைத் தட்டையாக்கி, முன்னும் பின்னும் ஆடி, வாயைப் பிளந்து பாம்பு மாதிரிச் சீறியது. அவர் திடுக்கிட்டதில் சாவணம் நழுவிற்று, பூச்சி துள்ளிக் கூட்டுக்கு அடியில் ஓடியது. அதைப் பிடிக்கவேண்டும் என்று குனிந்தார், முழங்கால் விடவில்லை, கூட்டின் காலைப் பிடித்து மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் தரையிலேயே கூட்டில் முதுகைச் சாய்த்து இருந்துவிட்டார். பூச்சி போய்விட்டது. எழும்ப இப்போது அவசரமில்லை. எழும்பி என்ன செய்வது. மூச்சு வாங்கியது, தலையைப் பின்னால் கூட்டு வலையில் சாய்த்து எதிரே பார்த்தார். அவளைத்தான் பார்த்தார். அவளைக் காணவில்லை.

காணவில்லை என்றால், சட்டம் இருந்தது, மாலை இருந்தது, ஆனால் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடியில் பால்கனிப் பனியின் வெளிச்சம் வெள்ளையாக அப்பிக்கிடந்தது. அவர் இவ்வளவு நாளும் நின்றோ, தூரக் கதிரையில் இருந்தோதான் படத்தைப் பார்த்திருக்கிறார். கூட்டோடு ஒட்டி, இவ்வளவு தாழ்வாக, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. கீழே, சேலை இருக்கும் கறுத்த பகுதியில் ஏதோ அசைந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். சேலைக்குள், சூட்டு லைற்றின் பிரகாசத்தில், ஒரு பச்சோந்தி நின்றது. உடலைத் தட்டையாக்கி, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி. அவர் தலைக்குப் பின்னால் இது சீறியது, எதிரே அதுவும் சீறியது. இது தலையைத் தாழ்த்த அதுவும் தாழ்த்தியது. பிறகு இது கண்ணை மூடியிருக்கவேண்டும், ஏனென்றால் எதிரே நின்றதும் சுருங்கி, கறுத்து, அசையாமல் போயிற்று. அருளம்பலம் அப்படியே இருந்தார். ஆணும் ஆணும் ஒன்றையொன்று காணக்கூடாது என்று அவள் சொன்னாளா, மேல்மாடி நேர்ஸ் சொன்னாளா, யாரோ சொன்னது இப்போது கேட்டது, பக்கத்து அறையில் இருந்தாலே சாப்பிடாதாம், பயத்தில் கறுத்துவிடுமாம். கார்த்திகையிலிருந்து. விடிந்து லைற் எரிந்ததும் எதிரி எதிரே நிற்கிறான், ஓட இடமில்லை, ஒளிக்க இலையில்லை, இது ஒதுங்கினால் அவன் ஒதுங்குகிறான், இது சீறினால் அவன் சீறுகிறான், லைற் அணையும் வரைக்கும் நிற்கிறான். அதனால்தான் பகலில் கண்ணை மூடியது. பார்க்காமல் இருக்க அதற்கு வேறு வழி இல்லை. படத்திலிருந்த அவள் முகத்தை அது ஒரு நாளும் பார்த்ததேயில்லை. உருட்டித் திருப்பி வைத்தது அவர் கைதான். நோ சேஞ்ச் என்றாரே அந்தப் பிள்ளைக்கு.

கூட்டை நகர்த்தலாம் என்றுதான் முதலில் நினைத்தார். எங்கே. மற்றச் சுவரோடு ஹீற்றர், அந்த வறண்ட சூடு அதைக் கொன்றுவிடும். சக்கரம் திருப்பத்தான் உதவும், கம்பளத்தில் உருளாது, சாடியும் மண்ணுமாக இரண்டு ஆம்பிளை தூக்கும் பாரம், கீழ்வீட்டுக்காரன் வேலையால் வர இரவாகும். திருப்பி வைத்தாலும் யன்னல் கண்ணாடி இருக்கிறது, இருட்டினால் அதிலும் ஒருவன் வந்து நிற்பான். படத்தில் ஒரு துணியைப் போடலாம். துணி என்றதும் ஆஸ்பத்திரியில் அவள் முகத்துக்கு மேல் இழுத்த துணி வந்தது, அதை அவர் செய்யமாட்டார். கண்ணாடியைக் கழற்றினால் போதுமே என்று தோன்றியபோது நெஞ்சு இலேசாகிவிட்டது. படம் அங்கேயே இருக்கலாம், தெற்குச் சுவரிலேயே, வெறும் கடதாசியில் எதிரி தெரியமாட்டான். கதிரையைப் பிடித்து எழுந்து, படத்தை இறக்கி, மேசையில் கவிழ்த்து, பின்பக்க ஆணிகளைக் கரண்டிக் காம்பால் நெம்பினார். பின்மட்டை கழன்றது. கண்ணாடியைத் தூக்கினால் படமும் கூடவே வந்தது. ஒட்டிப் பிடித்திருந்தது. இரண்டு நேரமும் அவர் விசிறிய தண்ணீர்த் தூவல் எதிரே போய், கண்ணாடிக்குள் இறங்கி, படத்தைக் கண்ணாடியோடு சேர்த்திருந்தது. மூலையில் நகத்தை விட்டு மெல்ல உரித்துப் பார்த்தார். சேலைக் கரையின் நிறம் கண்ணாடியில் தங்கியது, கடதாசி வெள்ளையாக வந்தது. நிறுத்தினார். இன்னும் இரண்டு விரற்கடை போனால் கை. அதற்கு மேல் கழுத்து. சுகிர்தாவின் கொம்பியூற்றரில் இதே படம் இருக்கிறது, இன்னொன்று அடிக்கலாம், அது அவருக்குத் தெரியும், தெரிந்தும் விரல் அசையவில்லை. உரித்த மூலையைத் திரும்ப அமர்த்தி, பெருவிரலால் நெடுநேரம் அழுத்திக்கொண்டு நின்றார். ஒட்டவில்லை. சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டுபோய்ப் படுக்கையறைக்குள், கட்டிலில், அவள் பக்கம், மூன்று தலையணை இருக்கும் பக்கம், நிமிர்த்திச் சாய்த்து வைத்தார். வரும்போது கதவைச் சாத்தவில்லை, சாத்துவதா என்று யோசித்துவிட்டுச் சாத்தவில்லை.

சுவரில் ஆணி மட்டும். கீழே சின்ன விளக்கு ஒன்றுமில்லாத சுவருக்கு எரிந்துகொண்டிருந்தது. பச்சோந்தி அசையவில்லை. அவர் கூட்டுக்குப் பக்கவாட்டில், அதன் பார்வையில் விழாத இடத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. கொஞ்சம் கழித்து ஒரு கண் திறந்தது. சுழன்றது. மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எங்கே அவன், எங்கே ஒளித்திருக்கிறான் என்று தேடுகிற மாதிரி. மற்றக் கண்ணும் திறந்தது. இரண்டும் வெவ்வேறு திசையில் தேடின. அவன் இல்லை என்பதை அது நம்பவில்லை. எப்படி நம்பும், இத்தனை நாள் நின்றவன். பொழுது இறங்கியது. மச்சாளின் போன் வந்தது, அவள் பின்னேரம் தவறாமல் எடுப்பாள். "விளக்கு எரியுதோ அத்தான்?" "எரியுது." "பூ மாத்தினீங்களோ?" "இல்லை." "நாளைக்கு நான் கொண்டுவாறன். உங்கட குரல் என்ன ஒரு மாதிரிக் கிடக்கு?" "ஒண்டுமில்லை, தடிமன்." "மல்லித் தண்ணி அவிச்சுக் குடியுங்கோ. ஓணானுக்கும் கொஞ்சம் வாயில விடுங்கோ, அதுக்கும் தடிமனாத்தான் இருக்கும்." "ஓம்" என்றார். நாளைக்கு அவள் வந்து சுவரைப் பார்ப்பாள். அதை நாளைக்குப் பார்க்கலாம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது வாலின் நுனியில் கறுப்புக் குறைந்திருப்பதுபோல இருந்தது. கிட்டப் போகாமல் கழுத்தை மட்டும் நீட்டினார். வால், பிறகு பின்னங்கால், கரிக்குள்ளிருந்து ஒரு வெளிறல் வருகிறது. பச்சையா அது. இருக்கலாம். அந்த நேரம் லைற்றுகளின் ரைமர் 'கிளிக்' என்றது, இரண்டு லைற்றும் அணைந்தன. அறையில் யன்னலின் பனி வெளிச்சம் மட்டும் நின்றது, அதில் எல்லாமே சாம்பல். அது கண்ணை மூடியது, இரவு, இப்போது மூடலாம். உடல் இன்னும் வெளிறிக்கொண்டு வந்தது. நித்திரையில் இவர் இப்படித்தான் வெளிறுவார், ஒருக்கா வந்து பாருங்கோ, குழந்தைப்பிள்ளை மாதிரி என்று அவள் கூப்பிட்ட ஒரு நாள் அவர் எழுந்து போயிருந்தார், அது தெரியும். சாகும்போதும் இவை வெளிறுமாம், கடைக்காரன் சொன்னான், அதுவும் தெரியும். லைற்றைப் போட்டால் இரண்டில் எது என்று பார்த்துவிடலாம். போட்டால் எழும்பிவிடும், பயந்துவிடும், நித்திரையில் லைற் போடக்கூடாது. சுவிட்சுக்குப் போன கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அருளம்பலம் அந்த வெளிறலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மூச்சு விடுகிறதா என்று தெரிந்துகொள்ளத் தன் மூச்சை அடக்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ரைமர் திரும்பவும் காலையில்தான் அடிக்கும்.